இணைக் கடன்தாரர்

2023 ஜனவரி 11

ஆபீஸிலிருந்து வருமான வரிப் படிவம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் நிரப்பி, ரசீதுகளோடு கொடுக்க வேண்டும். எனக்குப் பெரிய வேலை இல்லை. வங்கிக்குப் போய், வீட்டுக் கடனுக்கு இந்த வருடம் கட்டிய வட்டி இவ்வளவு என்று ஒரு சான்று வாங்கி வைத்தால் போதும். அந்த வட்டியை வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள். வரி பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

பொங்கலுக்குள் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். தம்பி ஞானம், "இந்த வருசம் வேணாங்க்கா, துரு அப்படி ஒண்ணும் ஏறலை" என்றான். காசு நான் கொடுத்துக்கொள்கிறேன் என்றேன். பச்சை வேண்டாம், கறுப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25

மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். சான்றில் எப்போதும்போல 'திரு. சி. திருஞானம், கடன்தாரர். செல்வி சி. மங்கையர்க்கரசி, இணைக் கடன்தாரர்.'

கடன் வாங்கிய சமயத்தில் தம்பியின் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தர முடியாது என்றார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கும் அக்காவையும் சேர்த்தால் தரலாம் என்றார்கள். சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பாதிப் பாதி கட்டினோம். கொரோனாவில் ஞானத்தின் மில்லில் சம்பளத்தைக் குறைத்தார்கள். அதிலிருந்து தவணை முழுக்க என் கணக்கில்தான் போகிறது. மில்லில் பிறகு பழைய சம்பளத்தைக் கொடுத்துவிட்டார்கள். தவணை பழையபடி ஆகவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

பிப்ரவரி 7

நிர்வாகப் பிரிவில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஜமீலா. என் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டு அனுப்பினாள்.

"மேடம், பத்திர நகல் வைக்கலையே?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா. பேங்க் சர்டிபிகேட் மட்டும்தான் வைப்பேன்."

"இப்ப தணிக்கையில கேக்குறாங்க மேடம். வீடு உங்க பேர்லயும் இருக்கணும். நாளைக்குக் கொண்டு வந்து குடுங்க, போதும்."

அம்மாவின் அலமாரியில் நகல் இருந்தது. நான் அதைப் படித்துப் பார்த்ததில்லை. பத்திரம் பதிந்த அன்றைக்குக் கல்லறைமேடு வளைவில் பஸ் கவிழ்ந்து, ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறை முன்னால் ஒரே கூட்டம். லீவு கிடைக்கவில்லை. ஞானமும் அம்மாவும் போய் முடித்துவிட்டு வந்தார்கள். பத்திரத்தில் ஞானத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் பார்க்கும்போது இன்னொரு முறை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

பிப்ரவரி 28

பத்திரத்தில் என் பெயர் இல்லாததால் வட்டியைக் கழிக்க முடியாது என்றுவிட்டார்கள். சம்பளத்தில் வரி பிடித்தது போகக் கையில் வந்தது தவணைக்கே போதவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் பெனடிக்டா அக்காவிடம் கைமாற்று வாங்கினேன். ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

மார்ச் 4

பெனடிக்டா அக்கா பிரசவ வார்டு நர்ஸ். எனக்கு ஆறு வயது மூத்தவர். அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் கோதண்டராமனிடம் கூட்டிக்கொண்டு போனார். வங்கிச் சான்று, பத்திர நகல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடன்ல பேர் இருக்கு. பணமும் நீங்கதான் கட்டுறீங்க. ஆனா வீடு உங்களுது இல்லைம்மா. சலுகை வீட்டுக்காரங்களுக்குத்தான். கட்டுறவங்களுக்கு இல்லை."

"அப்ப நான் மாசாமாசம் கட்டுறது என்ன சார்?"

பத்திர நகலை மடித்து என்னிடம் நீட்டினார். "சட்டப்படி பாத்தா, தம்பிக்குச் செய்யுற உதவி."

வழி இருக்கிறது என்றும் சொன்னார். ஞானம் வீட்டில் ஒரு பங்கை எனக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் போதும். குடும்பத்துக்குள் என்பதால் பதிவுச் செலவும் குறைவு. வங்கியில் ஒரு சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். பழைய வருடங்களை இப்போது கிளற வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது பெனடிக்டா அக்கா கேட்டார். "வரிக்காக மட்டுந்தானா அரசி கேக்கப் போற?"

"வரிக்காகத்தான்க்கா. வேற என்ன?"

"அப்பச் சரி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 12

இன்றைக்கு ஞாயிறு. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சை எடுத்தேன். ஆடிட்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வரிக்காகத்தான் என்று இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன்.

ஞானம் கை கழுவாமலே உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் மனைவி சுகந்தி தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

அம்மாதான் முதலில் பேசினாள். "உனக்கு எதுக்குடி பேரு? புள்ளையா, குட்டியா? நீ இருக்குற வரைக்கும் உன்னைய யாரு போகச் சொல்லப் போறா?"

"போகச் சொல்லுவாங்கன்னு கேக்கலைம்மா. வரி பிடிக்கிறாங்க."

"பாக்கலாங்க்கா" என்றான் ஞானம். "மில்லு அக்கவுன்டன்ட்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான். சண்டை எதுவும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. எனக்கு வீட்டின் மேல் ஆசையெல்லாம் கிடையாது. மாடி அறை நான் பி.எஃப். அட்வான்ஸ் போட்டுக் கட்டியது. அது ஒன்று போதும். இரவு பசிக்கவில்லை.

மார்ச் 26

ஞானம் நல்ல யோசனையோடு வந்தான். பத்திரத்தில் கை வைத்தால் வங்கியில் அலைய வேண்டும், வீண் செலவு. அதற்குப் பதிலாக மாடி அறைக்கு நான் அவனுக்கு வாடகை கொடுப்பதாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அரசாங்கம் கொடுக்கும் வீட்டு வாடகைப் படிக்கு வரி கழித்துக்கொள்ளலாம். தவணை இனிமேல் அவன் கணக்கிலிருந்து போகும். அதே தொகையை நான் அவனுக்கு வாடகையாகப் போட்டுவிட வேண்டும்.

"உனக்கு ஒரு பைசா கூடுதல் இல்லக்கா. அதே பணம், பேருதான் வேற. வரிதான உன் பிரச்சினை?"

"ஆமா."

"அப்பத் தீந்துச்சுல்ல."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊருக்குக் கொடுக்கும் வாடகைப் படி கொஞ்சம்தான். வட்டிக்குக் கிடைத்துவந்த கழிவில் கால்வாசிகூட இதில் தேறாது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வரிக்காக இல்லை, வீட்டுக்காகக் கேட்டேன் என்று ஆகிவிடும்.

ஏப்ரல் 1

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்தான். வீட்டு உரிமையாளர், திருஞானம், தகப்பனார் பெயர் சிதம்பரம். வாடகைதாரர், மங்கையர்க்கரசி, தகப்பனார் பெயர் சிதம்பரம். பதினோரு மாதத்துக்கு. இரண்டு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தம்பி நீட்டும் தாளை உட்கார்ந்து படித்தால் நன்றாக இருக்காது.

அப்பா இறந்தபோது இவன் பிளஸ் டூ. எனக்கு வேலை கிடைத்து நான்கு மாதம். இவனுக்குக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, இங்கே கையெழுத்துப் போடு என்று காட்டிக் கொடுத்தது நான்தான். அவனும் படிக்காமல்தான் போட்டான்.

மே 19

வாடகை போட்டேன். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கினேன். ஞானத்தின் மகள் இனியா பத்தாம் வகுப்பு பாஸ். மாடிக்கு ஓடி வந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள். அத்தை என்ன வாங்கித் தருவீங்க என்றாள். வாட்ச் கேட்டாள்.

ஜூன் 14

வேறொரு வங்கியில் வட்டி குறைவாம். கடனை அங்கே மாற்றப் போவதாக ஞானம் சொன்னான். சுகந்திக்கு ஜூன் முதல் தனியார் பள்ளியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் கடன் அவன் பெயரிலும் சுகந்தி பெயரிலும் இருக்கும்.

"உன் பாரம் இறங்குச்சுக்கா. இனிமே எந்தக் கடன்லயும் உன் பேரு கெடையாது. நிம்மதியா இரு."

புது வங்கியில் அவர்கள் சம்பளம் இரண்டும் போதவில்லை. வாடகை வருமானம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்திருக்கிறான். மாதா மாதம் நான் போட்ட பணம் அவன் பாஸ்புக்கில் வரிசையாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டார்களாம்.

சுகந்தி கேசரி கிண்டினாள். "மதினி, உங்களுக்குத்தான் முதல்ல" என்று கொண்டுவந்து கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.

ஜூன் 30

பழைய வங்கியிலிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம். கடன் முழுவதும் தீர்ந்தது, இணைக் கடன்தாரர் என்ற பொறுப்பிலிருந்து தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள் என்று. எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஜூலை 10

காலையில் ஞானம் மாடிக்கு வந்தான்.

"அக்கா, ஒரு கையெழுத்து வேணும். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரைக்கும் வரணும். அரை மணி நேரந்தான்."

"எதுக்கு?"

"புது பேங்க்ல சுகந்தி பேரையும் பத்திரத்துல சேக்கணும்னுட்டாங்க. கடன்ல பேரு இருந்தா மட்டும் பத்தாதாம், வீட்டுலயும் இருந்தாத்தான் அவளும் வட்டிய வரியில கழிக்க முடியுமாம். பாதிய அவளுக்கு செட்டில்மென்ட் எழுதுறேன். வரிக்காகத்தான். ரெண்டு சாட்சி வேணும். வெளி ஆளு எதுக்குன்னு..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். நான் அன்றைக்குக் கேட்டது நினைவில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இருந்திருக்கும். ஆனால் வேறொரு ஆளைச் சாட்சிக்குத் தேடுவது அதைவிடச் சங்கடம் என்று நினைத்திருப்பான்.

போனேன். அங்கே இருந்த எழுத்தர், "சாட்சி என்ன உறவு?" என்று கேட்டார். "அக்கா" என்று ஞானம் சொன்னான். கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்து, ஆதார் நகல் கொடுத்தேன். சுகந்தி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். பதினொன்றரைக்கு டூட்டிக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 11

மாடித் தொட்டிக்குள் இறங்கிக் கழுவினேன்.

ஜூலை 16

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 3

சுகந்தி சாயங்காலம் டியூஷன் ஆரம்பித்திருக்கிறாள். எட்டு பிள்ளைகள். கீழே ஹாலில் அம்மா டி.வி. பார்ப்பதால் மாடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் டூட்டியில் இருக்கும் நேரம்தானே. சரி என்றேன்.

அக்டோபர் 20

டியூஷனுக்கு எட்டுப் பிள்ளைகள் இருபதாகிவிட்டார்கள். என் கட்டிலைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். ராத்திரி வந்து இறக்கிப் போட்டுக்கொள்கிறேன். சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். காலையில் கண் விழிக்கும்போது அதில் அல்ஜீப்ரா எழுதியிருக்கும். இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிற நாட்களில் கீழே அம்மாவின் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன்.

"உனக்குக் கஷ்டமாருந்தா சொல்லுடி, அவகிட்டச் சொல்றேன்" என்றாள் அம்மா.

"கஷ்டமெல்லாம் இல்லை."

"அப்படின்னா சரி. அவளும் நாலு காசு பாக்கணும்ல."

2024 பிப்ரவரி 6

மறுபடியும் படிவம். இந்த முறை வாடகை ரசீதும் ஒப்பந்தமும் வைத்தேன். ஜமீலா நிதானமாகப் பார்க்கிறவள்.

"மேடம், ஓனரோட அப்பா பேரும் உங்க அப்பா பேரும் ஒண்ணா இருக்கே. இவரு உங்களுக்கு யாரு?"

தம்பி என்று சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. தம்பிக்கு வாடகை கொடுப்பதில் சட்டப்படி தப்பில்லை என்று ஆடிட்டரே சொல்லியிருக்கிறார்.

"வீட்டுச் சொந்தக்காரர்" என்றேன்.

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. சீல் குத்தி வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 18

டியூஷன் பிள்ளைகள் போன பிறகு ஞானம் மேலே வந்தான். நான் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பிடித்தான். பிறகு அதிலேயே உட்கார்ந்தான்.

"அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுதுக்கா."

"புது முத்திரைத்தாள் வாங்கிட்டியா?"

பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "டியூஷன்ல நாப்பது புள்ளைக ஆயிருச்சு. ரெண்டு பேட்ச் ஓட்டுறா. இடம் பத்தலை. உனக்கும் இங்க படுக்க வசதியா இல்லைங்கிறது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு போர்ஷன் பாத்துட்டா உனக்குத்தான் நல்லது. நைட் டூட்டி முடிச்சு இம்புட்டுத் தூரம் வர்ற."

"அம்மா?"

"அம்மா எங்கூட இருக்கட்டும்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

"என்னடா இது?"

"அட்வான்ஸ்."

"நான் அட்வான்ஸ் எதுவும் குடுக்கலையே."

"பேப்பர்ல ஐம்பதாயிரம்னு போட்டிருக்குக்கா. காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்கணும்னும் இருக்கு. நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசிறக் கூடாது."

அவன் குரல் கரகரத்தது. அழுதுவிடுவானோ என்று பயமாக இருந்தது. அழுதால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உறையை எடுத்துக்கொண்டேன். புது வீட்டுக்கு எப்படியும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவன் இறங்கிப் போன பிறகு கீழே போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவன் வீட்லதாண்டி சாகணும்" என்றாள். "கொள்ளி போடுறவன் அவன். என்னைய எதுவும் கேக்காத."

மார்ச் 9

இதுவரை நான்கு வீடு பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான். "கூட யாரு இருப்பாங்க?" நான் மட்டும்தான் என்றதும் முகம் மாறுகிறது. ஒரு அம்மாள் வெளிப்படையாகவே சொன்னார். "தனியா இருக்குற பொம்பளைக்குக் குடுக்குறதில்லைங்க. தப்பா எடுத்துக்காதீங்க." எனக்கு நாற்பத்தெட்டு வயது, அரசாங்க உத்தியோகம் என்றேன். அதுக்கில்லைங்க என்றார்.

ஞானத்திடம் பதினைந்து நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். தாராளமாக இரு என்றான். அந்தப் பதினைந்து நாளுக்கும் வாடகை போட்டுவிட்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 17

பெனடிக்டா அக்கா தன் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் பிடித்துக் கொடுத்தார். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வெளியில் கக்கூஸ். ரிட்டயர்டான போஸ்ட்மாஸ்டரின் வீடு. பொருட்களைச் சின்ன வண்டியில் ஒரே நடையில் ஏற்றியாயிற்று. இனியா கூடவே வந்து பாத்திரங்களை அடுக்கினாள். நடுவில், "அத்தை, என் மேல கோவமா?" என்றாள். உன் மேல எதுக்கு என்றேன். "எனக்குப் படிக்க மாடியில ரூம் வேணும்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன்" என்றாள்.

புறப்படும்போது சுகந்தி வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

ஏப்ரல் 2

அம்மாவின் செலவுக்கு என்று மாதா மாதம் ஞானத்துக்குப் பணம் போடுகிறேன். பழைய தொகை இல்லை, பாதி. அம்மா அங்கேதானே இருக்கிறாள். பெனடிக்டா அக்காவுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 21

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வெளியில் ஸ்ட்ரெச்சர் சத்தம். அடுத்த நோயாளியின் சீட்டை வாங்கிப் பார்த்தால் அம்மாவின் பெயர்.

குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். ஞானமும் சுகந்தியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானம் எழுந்து நின்றான். "எனக்கு போன் பண்ணிருக்கலாம்ல" என்றேன். "பதட்டத்துல தோணலைக்கா" என்றான். அவர்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, குட்டையாகக் கிடந்தது. படம் எடுக்காமலே தெரிந்துவிட்டது. இந்தக் காலை நான் ஆயிரம் பேருக்குப் பார்த்திருக்கிறேன். மெதுவாக மேசைக்கு மாற்றி, பாதத்தைப் பிடித்து நேராக்கினேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இந்த மாசம் பணம் போட்டுட்டியாடி?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஞானத்துக்கு. தவணை தேதி தாண்டிருச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தான். நீ போட்டாத்தான் அவனுக்குக் கையைக் கடிக்காது."

"போட்டுட்டேம்மா. அசையாம இரு."

தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று பட்டனை அமுக்கினேன். அம்மா அசையவே இல்லை. படம் நன்றாக வந்திருந்தது. தொடை எலும்பின் கழுத்து முழுசாக ஒடிந்திருந்தது.

ஜூன் 28

இதயம் பலவீனமாக இருக்கிறதாம். மயக்க மருந்து தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் படுக்கைதான். புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும்.

ஜூலை 2

நாளைக்கு டிஸ்சார்ஜ். வார்டு வராந்தாவில் ஞானம் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். சுகந்தி தூரத்தில் நின்றாள்.

"வீட்ல பகல்ல யாரும் இல்லக்கா. அவளுக்கு ஸ்கூலு, எனக்கு மில்லு, சாயங்காலமானா டியூஷன் புள்ளைக. ஆளு வெச்சாப் பதினஞ்சாயிரம் கேக்குறாங்க. தவணை போகக் கையில ஒண்ணும் நிக்கலை. நீ ஆஸ்பத்திரி ஆளு, உனக்கு எல்லாம் தெரியும்..."

"என் போர்ஷன்ல ஒரு கட்டில்தான் போடலாம் ஞானம்."

"அந்த இரும்புக் கட்டிலை நான் கொண்டு வந்து தர்றேன்."

அது என் கட்டில்தான். அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

போஸ்ட்மாஸ்டரிடம் போய் அம்மாவும் வருகிறாள் என்று சொன்னேன். "அப்பாடா, இனிமே தனியா இல்லையே" என்று சந்தோஷப்பட்டார்.

ஜூலை 24

எனக்கு எல்லா நாளும் இரவு டூட்டியாக மாற்றி வாங்கிக்கொண்டேன். பகலில் நான். இரவில் போஸ்ட்மாஸ்டரின் மனைவி வாசல் திண்ணையில் படுத்துக்கொள்கிறார், அதற்குத் தனியாகக் கொடுக்கிறேன். பெனடிக்டா அக்கா வாரத்தில் இரண்டு நாள் வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். முதுகின் அடியில் வந்துவிட்டது. நான் பார்த்துப் பார்த்துச் செய்தும் வந்துவிட்டது.

ஞானம் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். ஆரஞ்சு வாங்கி வருகிறான். அம்மா அவனைப் பார்த்ததும் சிரிக்கிறாள்.

இந்த மாதம் அவனுக்குப் பணம் போடவில்லை.

ஆகஸ்ட் 11

இன்றைக்கு ஞானம் வரவில்லை. மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னான். அம்மா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

"நம்ம வீட்டுக்கு எப்படி போறது?" என்றாள்.

"இனிமே இதுதாம்மா வீடு."

"இது வாடகை வீடுல்ல."

"அதுலயும் நான் வாடகைக்குத்தாம்மா இருந்தேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். இதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதியப் போன அன்னைக்கு அவன் சொன்னான். அக்கா பேரையும் சேத்தே போட்ருவோம்மா, அவளும்தான கட்டப் போறான்னான். நான்தான் வேணாம்னேன்."

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"ஏம்மா?"

"உனக்குன்னு ஒரு வீடு இருந்துச்சுன்னா நீ எங்கள விட்டுட்டுத் தனியாப் போயிருவேன்னு நெனச்சேன். நீ போயிட்டா தவணை, இனியா படிப்பு, அந்தக் குடும்பம் எதுவும் நடந்திருக்காது. அவன் சின்னவன். உன்னைய நம்பித்தான எல்லாம்."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"போயிருப்பியாடி?"

போயிருக்க மாட்டேன் என்று வாய் வரை வந்தது. அதைக் கேட்டால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கட்டைப் பிரித்தேன். புண் முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. உப்புத் தண்ணீரால் துடைத்து, மருந்து வைத்து, புதுப் பஞ்சு வைத்துக் கட்டினேன். வலிக்கும்போது அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். டூட்டிக்கு நேரமாகியும் அதை விடவில்லை.